ஏர் செய்த கையும் தேர் செய்த கையும்

பூட்டுக்குப் பெயர்போன ஊரில் கதவைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. திண்டுக்கல் என்றவுடன் மாங்காய்ப் பூட்டையும், சுருட்டையும், சிறுமலை வாழைப்பழத்தையும், இப்போது சில காலமாகப் பிரியாணியையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, அந்தப் பூட்டைத் தாங்கிய கதவின் நிலையிலே தாமரைமேல் வீற்றிருக்கும் திருமகளையும், இரு மருங்கிலும் துதிக்கை உயர்த்தி அவளை நீராட்டும் யானைகளையும் செதுக்கி வைத்த ஆசாரியார் எந்த ஊரில் இருந்தார், எவரிடம் தொழில் பழகினார், அந்த வேலைக்கு என்ன பெற்றார் என்ற விவரங்கள் தெரியா. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலும் நம்மில் அநேகருக்கு உண்டானதில்லை. பூட்டு, சந்தைக்குப் போகும் சரக்கு. 1875ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போட்ட இருப்புப்பாதை திண்டுக்கல்லைத் தொட்டுச் சென்றபின், சுருட்டும் தோலும் புகையிலையும் பூட்டும் மூட்டை மூட்டையாக வெளியூர் போய், ஊரின் பெயரையும் தம்மோடு கொண்டு போயின. நிலைக்கதவோ வைத்த வீட்டைவிட்டு நகராதது. சுவாமி வாகனம் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தாலும் நான்கு வீதிக்கு அப்பால் போகாதது. ஊரைவிட்டுப் போகாத பொருளைச் செய்தவரின் பெயரும் ஊரோடு நின்றுவிட்டது.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தச் சீமையில் மரத்தில் உருவம் செதுக்கியவர் தம்மைச் சிற்பி என்று சொல்லிக்கொண்டவர் அல்லர். ஊராரும் அவரை அப்படி அழைத்ததில்லை. அவர் ஊர்த்தச்சர். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடையே, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைகளே வாங்கிக்கொண்டபின் எஞ்சிய ஈரத்தை நம்பிச் சோளமும் கம்பும் நிலக்கடலையும் புகையிலையும் விளைவித்த கரிசலும் செம்மண்ணுமான இந்தப் பூமியில், உழவன் விதைப்புக்கு இறங்கும் முன்னர் ஏர்க்காலும் மேழியும் நுகத்தடியும் பழுது பார்த்துக் கொடுப்பதும், கிணற்றுக் கமலையின் உருளை தேய்ந்தால் புதிதாகக் கடைந்து மாட்டுவதும், வண்டிச் சக்கரத்துக்குக் குடமும் ஆரக்காலும் வட்டையும் இசைத்துக் கொல்லரிடம் பட்டாக் கட்ட அனுப்புவதும், பிள்ளை பிறந்தால் தொட்டிலும் நடைவண்டியும், ஆள் இறந்தால் பாடைக்கு வேண்டிய கழியும் செய்வதுமே அவருடைய ஜீவனம். இவற்றுக்கெல்லாம் அன்றன்று காசு வாங்குவது சம்பிரதாயம் அல்ல. அறுவடையாகிக் களத்தில் தானியம் குவிந்ததும், வண்ணாருக்கும் நாவிதருக்கும் கொல்லருக்கும் அளப்பது போலவே தச்சருக்கும் அவருக்குரிய ‘சுதந்திரம்’ என்னும் பங்கை அளந்து கொடுத்துவிட்டுத்தான் மிராசுதாரர் மிச்சத்தை வீட்டுக்கு ஏற்றுவார்.

ஆகவே அவர் உளியெடுத்து உருவம் செதுக்கியது பெரும்பாலும் தை அறுவடைக்கும் ஆடி விதைப்புக்கும் இடைப்பட்ட ஓய்வு மாதங்களில். அந்த மாதங்களிலேதான் இந்தப் பக்கத்துக் கோயில்களில் உத்ஸவங்களும், வீடுகளில் கல்யாணமும் கிருகப்பிரவேசமும் நடப்பதால், சிற்பவேலைக்கான தேவையும் அதற்கான அவகாசமும் ஒரே பருவத்தில் கூடின. இந்தப் பொருத்தத்தைக் கவனியாமல் மரச்சிற்பத்தைத் தனிக்கலையாக எடுத்துப் பேசுகிறவர்கள் பாதி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஏர் செய்ததனால் கிடைத்த தானியமே அவரை ஆண்டு முழுவதும் ஊரில் இருத்தியது. ஊரில் இருந்ததனால்தான் கோயிலுக்கு வாகனம் வேண்டியபோது கூப்பிட்ட குரலுக்கு அவர் வந்தார்.

ஏரும் தேரும் ஒரே கையால் ஆவது தமிழ்நாட்டில் நேற்று வந்த வழக்கமன்று. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டு ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எத்தகையதாய் இருக்குமோ அத்தகையவன் எங்கள் தலைவன் என்று அதியமானைப் பற்றி ஒளவையார் பாடியிருப்பது புறநானூற்றிலே உள்ளது. வேகமாகச் செய்யவும் நிதானமாகச் செய்யவும் ஒருங்கே தெரிந்தவனே தேர்ந்த தச்சன் என்ற எண்ணம் அதற்குள் இருப்பதைப் பார்த்தால், அந்தப் புலவர் தச்சுப்பட்டறையின் அருகே சிறிது நேரமாவது நின்று பார்த்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

தொழிலின் அடைவைச் சற்றுக் கிட்டேயிருந்து பார்ப்போம். வீட்டு நிலைக்குரிய மரத்தை வெட்டியவுடன் உளி வைப்பதில்லை. நிழலில் அடுக்கி, காற்று உள்ளே போய்வரும்படி இடையிடையே கட்டை கொடுத்து, ஈரம் முழுவதும் வற்றும்வரை காத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டால் நிலை வைத்த மறு வருஷமே வெடிப்பு ஓடிவிடும். பதம் வந்த பலகையை இழைப்புளியால் இழைத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, நூலில் காவி தோய்த்து நடுக்கோடு அடிப்பார்கள். திருமகளின் உச்சியும் மூக்கும் தொப்புளும் அந்த ஒரே கோட்டில் அமைய வேண்டும். கோட்டின் இருபுறமும் கரியால் உருவத்தை வரைந்து, முதலில் அகன்ற பட்டை உளியைப் புளியங்கட்டைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உருவத்தைச் சுற்றியுள்ள மரத்தைத் தாழ்த்துவார்கள். பின்னரே குழி உளி கைக்கு வரும். யானையின் கன்னமும் தாமரையிதழின் வளைவும் அதனால் திரளும். கடைசி வேலைக்குக் கொட்டாப்புளி வேண்டியதில்லை. உளியை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அணைத்து, மரத்தின் நார் போகும் போக்கிலேயே சீவவேண்டும். நாருக்கு எதிராகக் கை போனால் மூக்கு நுனி சிம்பாகத் தெறித்துவிடும், தெறித்த மூக்கை ஒட்ட எந்தப் பசையும் இல்லை. கண் கடைசியில். கோயில் உருவமானால் அந்தக் கண்ணைத் திறப்பதற்கு நாளும் நேரமும் பார்த்து, பூசை போட்டு, அதன்பின்னரே ஊசியோ உளியோ தொடும்.

அளவெல்லாம் முழக்கோலில். 33 அங்குலம் கொண்ட தச்சு முழத்தை வைத்துத்தான் வீட்டின் நீள அகலமும் வாசற்படியின் உயரமும் கணக்கிடப்பட்டன. இன்றும் புதுவீடு கட்டுகிறவர்கள் மனையடி சாஸ்திரப் புத்தகத்தைப் புரட்டுவதைக் காண்கிறோம். கம்மாளர் என்னும் ஐந்தொழிலாளரின் வம்சக் கதையில் இரும்புக்கு மனு, மரத்துக்கு மயன், செம்புக்குத் துவஷ்டா, கல்லுக்குச் சில்பி, பொன்னுக்கு விசுவக்ஞன் என்று பிரித்துச் சொல்வார்கள். மயனுடைய வழி வந்தவர் என்ற பெருமை, ஏர்க்காலுக்குத் துளை போடுகிறபோதும் அவர்களுடைய நிமிர்வில் இருந்துகொண்டே இருக்கும். பூணூல் தரித்து, காமாட்சியைக் குலதெய்வமாகக் கொண்டு, சரஸ்வதி பூசையன்று உளியையும் வாய்ச்சியையும் சாணைக்கல்லையும் கழுவிச் சந்தனமிட்டு வைத்து, அன்று அவற்றைத் தொடாமல் இருப்பது அவர்களுடைய ஒழுக்கம்.

வீட்டு வேலையின் முடிவிலே நடக்கும் ஒரு சடங்கைச் சொல்லாமல் விடமுடியாது. கிருகப்பிரவேசத்துக்கு முந்திய இரவு, ஊர் அடங்கியபின், வீட்டுக்காரர் யாரும் உள்ளே இல்லாதபோது, தச்சர் மட்டும் தம் கூட்டாளிகளோடு புதுவீட்டுக்குள் நுழைந்து, தம் கருவிகளை வரிசையாக வைத்துப் படைத்து, சேவலை அறுத்துப் பலிகொடுத்து, உளிபட்ட மரத்தின் தோஷத்தையும் அந்த மரத்தில் குடியிருந்த ஆவிகளையும் வெளியேற்றுவார். இதற்குத் தச்சு கழித்தல் என்று பெயர். வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய மிராசுதாரராக இருந்தாலும் அந்த ஓர் இரவுக்கு வீடு தச்சருடையது. விடிந்தபின் அவருக்கு வேட்டியும் துண்டும் தட்சிணையும் வெற்றிலைபாக்கில் வைத்துக் கொடுத்து, அவர் கையிலிருந்து வீட்டைப் பெற்றுக்கொள்கிறாற்போலப் பெற்றுக்கொண்ட பிறகே பால் காய்ச்சுவார்கள். வீட்டை ஆக்கியவருக்கு இதைக்காட்டிலும் நேர்த்தியான மரியாதையை எந்தப் பட்டயமும் அளித்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்போது மேஸ்திரியும் காண்டிராக்டரும் வந்தபின் இந்தச் சடங்கு பல இடங்களில் ஒரு பூசணிக்காயோடும் எலுமிச்சம்பழத்தோடும் முடிந்துவிடுகிறது.

ராஜாங்க வரலாறும் இந்தத் தொழிலைத் தொடாமல் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் திண்டுக்கல் பாறைமேல் எழுந்த கோட்டையும், அதைச் சுற்றி விருப்பாட்சி, கன்னிவாடி, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர், ஆயக்குடி, இடையகோட்டை என்று விரிந்து கிடந்த பாளையங்களும் தச்சருக்கு ஓயாத வேலை கொடுத்திருக்க வேண்டும். அரண்மனைத் தூணும் போதிகையும், பல்லக்கும், கோட்டைக் கதவும் மரமின்றி இல்லை. 1755ஆம் ஆண்டில் ஹைதர் அலி பௌஜ்தாராக இங்கே வந்து, பிரெஞ்சுக்காரரின் துணையோடு ஆயுதச்சாலை அமைத்தபோது, பீரங்கிக்கும் வண்டியும் சக்கரமும் வேண்டியிருந்தன. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்தச் சீமை கும்பினியாரிடம் போயிற்று. 1801ஆம் ஆண்டில் விருப்பாட்சி கோபால நாயக்கரைத் தூக்கிலிட்டபின் பாளையப்பட்டுகளின் வீரம் ஒடுங்கி, எஞ்சியவை ஜமீன்களாகிக் கப்பம் கட்டின. வாள் போனாலும் பல்லக்கும் சப்பரமும் போகாதவரை தச்சருக்குக் குறைவில்லை.

மரத்தச்சரின் பழைய சாமர்த்தியத்தைக் காண விரும்புகிறவர்கள், விநோதமாக, ஒரு கற்கோயிலுக்குத்தான் போகவேண்டும். திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் இரணியனை மடியிற் கிடத்திய நரசிம்மரையும், உலகளந்த பெருமாளையும், பெருமாளைச் சுமந்து பறக்கும் கருடனையும் கண்டு வியப்பவர் அநேகர். அவர்கள் தலையைச் சற்று உயர்த்தி இத்தகைய மண்டபங்களின் கொடுங்கைகளையும் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்வேன். நாயக்கர் காலத்து உயர்ந்த வேலைப்பாடுகளில் கல்லிலே சாத்துக் கழிகளையும், குறுக்குச் சட்டங்களையும், சில இடங்களில் அவற்றை இணைக்கும் ஆணித் தலைகளையும்கூடக் கொத்தியிருப்பார்கள். கல்லுக்குக் கழி எதற்கு, ஆணி எதற்கு? முன்னே மரத்தில் இருந்த கூரையின் அமைப்பைக் கல்தச்சர் மரத்தச்சரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டதன் அடையாளம் அது. மரம் மக்கிப் போயிற்று. அதன் இலக்கணம் கல்லில் தங்கியிருக்கிறது.

இனி இந்தச் சீமைக்கே உரிய மரவேலைக்கு வருகிறேன். அது காவடி.

தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி நோக்கி நகரத்தார் காவடிகள் நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சமவெளி முழுவதும் ஒரு நீண்ட காவடிப் பாதை என்பதை விளக்க வேண்டியதில்லை. பழனிக்கு உப்பு வாணிகம் செய்யப் போன குமரப்பன் என்னும் செட்டியார், லாபத்தில் முருகனுக்கும் ஒரு பங்கு மகமையாக வைத்ததில் தொடங்கிய உறவு இது என்று 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பட்டயங்களை ஆதாரமாகக் காட்டிச் சொல்வது அந்தக் குலத்தாரின் மரபு. எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலத்தாரின் காவடிக் கூட்டம் வேறு. கொங்கு நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருவோர் வேறு. சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பனே முதற் காவடிக்காரன் என்ற கதையைக் குழந்தைகளும் அறியும். பழனியில் இடும்பனுக்கென்றே தனிக் குன்றும் கோயிலும் உண்டு.

சாதாரணக் காவடிக்கு ஒரு தண்டும் இரு கலயமும் போதும். ஆனால் பரம்பரையாகக் காவடி எடுக்கும் குடும்பங்கள் அதோடு திருப்தியடைவதில்லை. தண்டின் இரு முனைகளிலும் அரைவட்டமான பலகை ஒவ்வொன்று. அவற்றின்மேல் வில்லாக வளைத்த சட்டங்கள். அதன்மேல் பட்டுத் துணியும் மயிற்பீலியும். பார்க்கிறவர்களின் கண் பீலியில் போய் நிற்கும். தச்சரின் கண் போய் நிற்பது அந்த அரைவட்டப் பலகையில். மயில்மேல் முருகனும் இருபுறமும் வள்ளி தெய்வயானையும், அல்லது வேடன் வடிவமும் யானையும், அல்லது தண்டைத் தாங்கிய இடும்பனும், ஓரத்தைச் சுற்றிக் கொடிக்கருக்கும் ஒரு சாண் அகலமுள்ள பலகைக்குள் அடங்க வேண்டும். இதிலே ஒரு சங்கடம் உண்டு. உருவம் எடுப்பாக வேண்டுமானால் பலகை கனமாக வேண்டும். பலகை கனத்தால் பல நாள் வெறுங்காலோடு நடக்கிறவனின் தோளில் அது இறங்கும். இரு பக்கப் பலகைகளின் எடையும் ஒத்திருக்காவிட்டால் காவடி ஒருபுறமாகச் சாய்ந்து, ஆடுகிறபோது கழுத்தை இழுக்கும். எனவே எடை குறைந்த மரத்தைத் தேர்ந்து, மேலோட்டமாகச் செதுக்கி, ஆழம் இருப்பதுபோன்ற மயக்கத்தைக் கோட்டின் வளைவாலேயே உண்டாக்குவது காவடித் தச்சரின் தந்திரம். விளக்குக்கு எதிரே ஓர் அரையங்குல ஆழத்துக்குள் மயிலின் கழுத்தும் முருகனின் முழங்காலும் வேலின் நுனியும் ஒன்றன்முன் ஒன்றாக நிற்கும் பழைய காவடிப் பலகையைப் பார்த்தால், பெரிய கோயில் ஸ்தபதிகளும் தலையசைப்பார்கள். தோளிலே வைத்து ஆடும் சிற்பம் வேறு எந்த நாட்டில் எந்தக் கலைஞனுக்கு வாய்த்ததோ அறியேன்.

இந்தக் காவடிகளை ஆண்டுதோறும் புதிதாகச் செய்வதில்லை. பயணம் முடிந்தபின் துணியும் பீலியும் களைந்து, சட்டத்தை எண்ணெய் தடவிப் பூசையறையில் வைப்பார்கள். தாத்தாவின் தோள் தேய்த்த தண்டிலே பேரன் தோள் கொடுப்பதுண்டு.

வாகனவேலை இதற்கு நேர்மாறானது. சித்திரா பௌர்ணமிக்குத் தாடிக்கொம்பில் அழகர் குடகனாற்றில் இறங்குவதற்குக் குதிரை வேண்டும். சிவன்கோயிலுக்கு இடபமும் அதிகாரநந்தியும், அம்மனுக்குச் சிம்மமும் யாளியும், முருகனுக்கு மயிலும் ஆட்டுக்கிடாயும் வேண்டும். இவை எட்டுப்பேர் பதினாறுபேர் தோளில் ஏறி, தூரத்திலிருந்து, அதுவும் இரவில் தீவட்டி வெளிச்சத்தில், கூட்டத்தின் தலைக்குமேல் தெரிய வேண்டியவை. ஆதலால் நுணுக்கம் இங்கே பயன்படாது. உருண்டை திரண்ட தசையும், பிதுங்கிய கண்ணும், பிடரியின் துடிப்பும் பேசவேண்டும். முழுமரத்தில் குடைந்தால் யாராலும் தூக்க முடியாதாகையால், உடலை உள்ளீடற்றதாகப் பல துண்டுகளாகச் செய்து, துளையிட்டுச் செருகி, மர ஆணி அடித்து இணைப்பார்கள். இணைப்பின் மேல் துணியை ஒட்டி, புளியங்கொட்டைப் பசையில் சுண்ணத்தைக் குழைத்துப் பூசி மெருகேற்றி, அதற்குமேல் வர்ணம் தீட்டுவார்கள். குதிரையின் முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்க, பின்னங்கால்கள் மட்டும் பாரத்தைத் தாங்கும்படி நிறுத்துவதில்தான் ஆசாரியாரின் கணக்கு தெரியும். அலங்காரம் செய்த உற்சவரை மேலே ஏற்றி, ஊரே சேர்ந்து குலுக்கி ஆட்டும்போது கால் முறியாத குதிரையே நல்ல குதிரை.

தேர் இவை எல்லாவற்றுக்கும் சிகரம். ஒரு தச்சர் செய்யும் காரியமன்று. ஸ்தபதியின் கீழ் பல ஊர்த் தச்சர்கள் கூடி மாதக்கணக்கில் செய்வது. பழனியில் தைப்பூசத்துக்குப் பெரியநாயகியம்மன் கோயிலைச் சுற்றியும், பங்குனி உத்திரத்துக்குக் கிரிவீதியிலும் தேரோடுவதைக் காண்கிற லட்சக்கணக்கானோர், மேலே அசையும் தேர்ச்சீலையையும் குடத்தையும் பார்க்கிறார்கள். அவை மூங்கிலும் துணியும். உண்மையான தேர் கீழே, வடம் பிடிக்கிறவர்களின் மார்பளவில் தொடங்கும் மரப்பகுதி. இலுப்பை மரமே அதற்கு உகந்ததென்பது பழைய தீர்ப்பு. வருஷத்தில் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் நிற்கும் பொருளுக்கு அதன் உறுதி வேண்டும். பூதகணங்கள் தாங்கும் பூதப்பாரும், அதற்குமேல் யாளிகளும், புராணக் காட்சிகளும், அவற்றின் இடுக்குகளில் கழைக்கூத்தாடியும், குறத்தியும், பன்றி வேட்டையும், சில தேர்களில் துப்பாக்கி பிடித்த சிப்பாயும் தொப்பிவைத்த துரையும் இடம் பெறுவதைத் தமிழ்நாடெங்கும் காணலாம். பெரிய உருவங்களுக்குச் சாஸ்திரம் விதித்த லட்சணம் உண்டு. அந்த இடுக்குகளுக்கு விதியில்லை. ஊர்த்தச்சர் தாம் சந்தையில் கண்டதையும் கூத்தில் சிரித்ததையும் அங்கே வைத்துவிட்டுப் போனார். நாட்டுப்புறக் கலை என்று இன்று நாம் பெயரிட்டழைப்பது, ஒரு வகையில், சாஸ்திரம் விட்டுக்கொடுத்த அந்த ஒரு சாண் பலகையிலே விளைந்தது.

மதபேதமும் இந்தத் தொழிலுக்கு இல்லை. இந்தச் சமவெளியில் கத்தோலிக்கக் கிராமங்கள் பல. புனிதர் திருநாட்களில் அவ்வூர்களிலும் மின்விளக்கு ஜொலிக்கச் சப்பரம் எழுந்தருள்கிறது. அதன் தூணும் விதானமும் கொடிக்கருக்கும் கோயில் சப்பரத்தின் தாயாதிகளே என்பதை ஒரு முறை பார்த்தவர் ஒப்புக்கொள்வர்.

மாறுதல் காட்டிலிருந்து தொடங்கிற்று. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப்பின் மலைக்காடுகள் சர்க்கார் ஒதுக்குக்காடுகளாகவே, முன்னர் ஊர்ப் பொதுக்காரியம் என்று சொல்லி வெட்டிவந்த வேங்கைக்கும் தேக்குக்கும் அனுமதிச்சீட்டும் பணமும் வேண்டியதாயிற்று. அதே காலத்தில், கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைக்கொண்டபின் நகரத்தாரின் வட்டித்தொழிலோடு பர்மாத் தேக்கும் கப்பலேறி வந்து, செட்டிநாட்டு மாளிகைகளில் வானளாவ நின்றது. அந்த மாளிகைகள் தச்சுக்கலைக்குச் செய்த உபகாரம் பெரிது. ஆனால் நல்ல கைகளையெல்லாம் கூலிகொடுத்துக் கிழக்கே இழுத்துக்கொண்டதும் அவைதாம். 1903ஆம் ஆண்டில், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மரச்சிற்பத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். துரைமாரின் சிரத்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் கண்காட்சிகளுக்கும் சீமை வீடுகளுக்கும் ஏற்ற மேஜையும் திரைச்சட்டமும் செய்யச் சொன்ன அந்தச் சகாப்தத்தின் ருசி, கதவில் இருந்த யாளியைப் பெயர்த்து நாற்காலியின் கைப்பிடியில் உட்கார வைத்தது. யாளிக்கு அது பொருந்தவேயில்லை.

இருந்தும் ஊர்த்தச்சர் அசையவில்லை, ஏர் இருந்தவரை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் பல்லக்குச் செய்யச் சொன்னவர்கள் போனார்கள். அதனால் நேர்ந்த நஷ்டம் சொற்பமே. அவரை உண்மையில் வீழ்த்தியவை, கமலையை நிறுத்திய மின்சாரப் பம்புசெட்டும், கட்டை வண்டியை ஓரங்கட்டிய டயர் வண்டியும், பின்னர் வந்த டிராக்டரும், நிலையையும் ஜன்னலையும் இரும்பிலும் சிமெண்டிலும் வார்த்துவைத்த புதுவீடுகளுமாகும். இவற்றில் எதையும் உழவன் ஒதுக்கியிருக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. கமலை இறைத்தவனின் முதுகைக் கேட்டால் பம்புசெட்டின் அருமை தெரியும். ஆனால் களத்துச் சுதந்திரம் நின்ற அன்றே, சித்திரையில் வாகனம் செதுக்க ஆள் இல்லாமற் போகப் போகிறது என்பது உறுதியாகிவிட்டது. ஊரார் இந்த இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை. தச்சரின் பிள்ளைகள் சிலர் திண்டுக்கல்லில் மரக்கடைக்கும் பூட்டுப் பட்டறைக்கும் போனார்கள். சிலர் கட்டட வேலைக்குச் சாரம் கட்டவும் பலகை அடைக்கவும் போனார்கள்.

தொண்டர்களும் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே 1947ஆம் ஆண்டில் நிறுவிய காந்திகிராமம், கிராமக் கைத்தொழில் கௌரவமானது என்ற எண்ணத்தை இந்தச் சீமையில் ஊன்றியது. 1957ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சிக்கூடம் கல்லூரியாக வளர்ந்து மரச்சிற்பத்தையும் பாடமாக்கியது. 1973ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், பூம்புகார் என்ற பெயரில் மரச்சிற்பங்களுக்குக் கடை திறந்தது. புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும், 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும், 2021ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் கிடைத்தது. அரும்பாவூரிலும் கள்ளக்குறிச்சியிலும் தம்மம்பட்டியிலும் செதுக்குவோர் தெருத்தெருவாகச் சேர்ந்து வாழ்வதால் அவர்களுக்கு ஓர் ஊர்ப்பெயர் கிடைத்தது, சந்தையும் கிடைத்தது. ஊருக்கு ஒரு குடும்பமாகச் சிதறிக் கிடந்த திண்டுக்கல் சமவெளியின் தச்சரை எந்தக் குறியீட்டுக்குள் அடைப்பது? 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களிலும் தச்சர் ஒரு வரிசையில் இருக்கிறார், கல்லில் செதுக்கும் சிற்பி வேறொரு வரிசையில் இருக்கிறார். காலையில் ஏர்க்கால் செதுக்கி மாலையில் மயில் செதுக்கிய மனிதருக்கு எந்த வரிசை என்று படிவத்தில் இடமில்லை.

மிஞ்சியிருக்கிற வேலைகள் இன்னும் உண்டு. கும்பாபிஷேகத்துக்கு முன் பழைய வாகனத்துக்குக் கால் மாற்றவும், தேர்ப்பலகை உளுத்துப்போனால் அதே உருவத்தைப் பார்த்துச் செதுக்கிப் பொருத்தவும், காவடிக்குப் புதுத் தண்டு இசைக்கவும் கையுளி பிடித்தவர்தாம் வேண்டியிருக்கிறது. கணினி சொன்னபடி மரத்தைக் கடையும் இயந்திரங்கள் வந்து, கதவுக்குரிய கஜலட்சுமியைச் சில மணி நேரத்தில் இறக்கிவிடுகின்றன. அவற்றின் கோடு பிழையற்றது. எந்தக் கதவைப் பார்த்தாலும் ஒரே லட்சுமி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தேர்ப்பலகைகளை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. இருந்தும் உடைந்த வீட்டின் கதவும், ஒதுக்கிய வாகனத்தின் தலையும் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்பதைக் காரைக்குடி போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆகையால் இந்தப் பக்கத்துக் கோயில் அறங்காவலர்களுக்கும், திருவிழாக் கமிட்டியாருக்கும், பழைய வீடு வைத்திருப்போருக்கும் ஒரு விண்ணப்பம். வாகனங்களிலும் தேர்ப்பலகைகளிலும் உபயதாரர் பெயரை வர்ணத்தில் பெரிதாக எழுதுகிறோம். அதன் கீழே, இனியேனும், செய்த ஆசாரியாரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பழுதுபட்ட பலகையைக் கழற்றும்போது விறகுக் கட்டோடு சேர்க்காமல், படமெடுத்துக்கொண்டு, கோயில் மண்டபத்திலேயே ஓரிடத்தில் அடுக்குங்கள். அடுத்து வரும் தச்சருக்கு அதுவே பாடப்புத்தகம். வீட்டை இடிக்க நேர்ந்தால், நிலையை விலைபேசும் முன் உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் வயதான ஆசாரியாரை ஒரு தடவை அழைத்து அதைக் காட்டுங்கள். அது யார் கைவேலை என்று உளி போன போக்கைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.